அப்பாவின் நாலாவது வெள்ளி இலை

இன்று எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து, மண்டபத்தில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. தம்பிதான் வழி காட்டினான். "அக்கா, முதல்லை உந்த வைன் கதையை எழுதி முடி. சனம் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு வாசிக்கும்" என்றான். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா தம் வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவும் அருந்தியதில்லை.

இதைச் சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. அப்பாவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று, அவருடைய படத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தோம். உள்ளே நீல வெல்வெட் துணியில் சின்னச் சின்ன வெள்ளித் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மதுவின் பெயர். அஞ்சலி செலுத்த வந்தவர்களில் சிலர் அதை எட்டிப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். "மனுசனுக்கு ஏன் ஈரல் வருத்தம் வந்ததெண்டு இப்பதான் விளங்குது" என்று ஒருவர் மெல்லச் சொன்னது, பின்னால் நின்ற என் காதில் நன்றாகவே விழுந்தது. அவர் யாரென்று நான் எழுதப் போவதில்லை. அவருடைய மேல்வரிசைப் பல் முழுவதும் அப்பா கட்டியது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தத் தகடுகள் என்னவென்று அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முற்காலத்தில் இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் வைனைப் போத்தலோடு மேசைக்குக் கொண்டுவருவதில்லை. அழகான கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைப்பார்கள். ஊற்றிய பிறகு எந்தக் குடுவையில் எது இருக்கிறதென்று தெரியாதல்லவா? அதற்காகப் பெயர் வெட்டிய ஒரு வெள்ளித் தகட்டைச் சின்னச் சங்கிலியில் கோர்த்துக் குடுவையின் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். பிறை வடிவில், சிப்பி வடிவில், திராட்சை இலை வடிவில் எல்லாம் செய்திருக்கிறார்கள். அப்பா அவற்றைக் கழுத்துத் தகடு என்பார். அம்மா வைத்த பெயர் போத்தல் தாலி.

அப்பா சுன்னாகத்தில் ஐந்து பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் முடிந்ததும் யாழ்ப்பாணத்தில் ஒரு பல் வைத்தியரிடம் பல் கட்டும் வேலை பழகினார். பல் கட்டுவதென்றால் மெழுகில் உருச் செய்து, உலோகத்தை உருக்கி வார்த்து, அரத்தால் ராவி, ஒருவருடைய வாய்க்குள் உறுத்தாமல் இருக்கும்வரை மினுக்குகிற வேலை. மயிரளவு பிசகினாலும் சோறு சாப்பிட ஏலாது. அந்த மயிரளவுக் கணக்கு அப்பாவின் குணமாகவே ஆகிவிட்டது. புதிதாக ஒருவரைச் சந்தித்தால் அப்பாவின் கண் முதலில் அவருடைய வாய்க்குத்தான் போகும். அதனால் எங்களுக்கு எத்தனை இடத்தில் வெட்கக்கேடு என்று சொல்லி மாளாது.

அம்மாவைக் கைப்பிடித்து, நான் பிறந்த பிறகு, போரில் செல்லடி விழுந்து அந்த வைத்தியசாலையின் கூரை போனது. அப்பா தனியாகப் புறப்பட்டுப் பல நாடுகள் சுற்றி ரொறன்ரோ வந்து சேர்ந்தார். கொண்டு வந்தது ஒரு பையும், துணியில் சுருட்டிய அரங்களும் மெழுகு வெட்டும் கத்தியும். வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடியில் வேறு நாலு பேரோடு தங்கினார். இந்த நாட்டுப் பரீட்சை எழுதாமல் பல் கட்ட முடியாது என்றுவிட்டார்கள். கிடைத்த வேலை, நகரின் நடுவே இருந்த பழைய கிளப் ஒன்றின் நிலவறையில் வெள்ளிச் சாமான் துடைப்பது. கரண்டி, முள்ளுக்கரண்டி, தட்டம், சட்டி எல்லாம் கறுக்கக் கறுக்கத் துடைக்க வேண்டும். அங்கேதான் அப்பா முதன்முதலாகக் கழுத்துத் தகடுகளைக் கண்டார்.

அந்த நிலவறையின் பொறுப்பாளர் மனுவேல் என்ற முதிய போர்த்துக்கேயர். மடெய்ரா என்ற தீவில் பிறந்தவர். அந்தத் தீவில் செய்யும் வைனுக்கும் தீவின் பெயர்தான். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அதனாலேயே ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டார்கள். தகட்டின் பின்புறத்தை எப்படிப் பார்க்க வேண்டுமென்று காட்டிக் கொடுத்தவர் மனுவேல். அசல் வெள்ளியென்றால் நடந்து போகிற ஒரு சிங்கம் முத்திரையாக அடித்திருக்கும். பக்கத்தில் செய்தவரின் பெயரெழுத்து இருக்கும். கிளப்பின் கண்ணாடி அலுமாரியில் எத்தனையோ தகடுகள் இருந்தும் மடெய்ரா மட்டும் இல்லை. ஒவ்வொரு முறை துடைத்து முடிக்கும்போதும் மனுவேல் தம் தீவைத் தேடுவதுபோல அலுமாரியை ஒரு சுற்றுப் பார்ப்பாராம்.

மனுவேல் ஓய்வு பெற்றபோது அப்பாவுக்கு ஒரு பரிசு கொடுத்தார். பழைய சாமான் கடையில் தாம் எடுத்து வைத்திருந்த திராட்சை இலைத் தகடு. போர்ட் என்ற வைனின் பெயர் வெட்டியது. "இப்படி நாலு இலை சேர்ந்தால்தான் ஒரு செற். நாலாவது என்னுடைய தீவாக இருக்க வேண்டும். கிடைத்தால் எனக்குக் கொண்டுவந்து காட்டு" என்று அவர் சொன்னதாக அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். அப்பா ஓம் என்றார். அவர் ஒருவருக்கு ஓம் என்று சொன்னால் அது கல்லில் வெட்டிய மாதிரி.

நாலு வருடம் கழித்து அம்மாவும் நானும் வந்து சேர்ந்தோம். தம்பி இங்கே பிறந்தான். அப்பா வேலைக்குப் போய்க்கொண்டே படித்துப் பரீட்சையில் தேறி, ஸ்காபரோவில் ஒரு டென்ரல் லாப்பில் சேர்ந்தார். பிறகு ஊர்ச்சனம் பாதி அவருடைய பல்லால்தான் சாப்பிட்டது. மனுவேலுக்கும் கீழ்வரிசை கட்டிக் கொடுத்தவர் அப்பாதான். சனிக்கிழமைகளில் பழைய சாமான் சந்தைகளுக்குப் போவார். போர்ட்டைச் செய்த அதே கை செய்த இலைகளில் ஷெரி என்ற வைனின் இலை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்துக் கிளாரட் கிடைத்தது. கறுப்புப் பெட்டி ஒன்றில் வெல்வெட் விரித்து, முன்வரிசையில் இலை வடிவில் நாலு குழி செய்தார். மூன்று நிரம்பியிருக்க, நாலாவது காத்திருந்தது. மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் சனிக்கிழமை கிரிக்கெட் பார்க்கப் போனார்கள். எங்கள் அப்பா இலை தேடப் போனார்.

இனி நான் சொல்லப் போவது இருபத்தாறு வருடத்துக்கு முந்திய கதை. எனக்கு அப்போது பதினாலு வயது. எங்கள் அடுக்குமாடியில் அதே தளத்தில் இருந்த றஞ்சி அன்ரிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அன்ரியின் தாயாருக்கு விசா மறுத்துவிட்டார்கள். பிள்ளைப்பெறு பார்க்க ஆளில்லாமல் அன்ரி அழுதுகொண்டிருந்தபோது, "நான் இருக்கிறன், அழாதை" என்று அம்மா போய் நின்றார். பத்தியக் கறி, மல்லி மிளகு போட்ட சரக்குத் தண்ணி, குழந்தை முழுக்காட்டல் எல்லாம் அம்மாதான். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு, அதாவது பிறப்புத் தீட்டுக் கழிக்கும் சடங்குக்கு, தாய் வீட்டார் கொண்டுபோக வேண்டியதையும் தானே செய்வதென்று அம்மா முடிவு செய்தார்.

"இஞ்சாருங்கோ, சனிக்கிழமை பிளாசா நகைக்கடைக்குப் போய் வெள்ளியிலை ஒரு அரைமூடி வாங்கிக்கொண்டு வாங்கோ. ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொண்டு."

"டயப்பர் கட்டிற ஊரிலை அரைமூடி என்னத்துக்கப்பா?"

"டயப்பர் குப்பைக்குப் போற சாமான். இது அவள் வளந்தாப் பிறகும் பெட்டியிலை இருக்கும். சொன்னதைச் செய்யுங்கோ."

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக ஒரு வரி எழுதுகிறேன். அரைமூடி என்பது பெண் குழந்தையின் இடுப்பில் கயிற்றிலோ சங்கிலியிலோ கோர்த்து முன்னால் தொங்கவிடும் சின்ன வெள்ளித் தகடு. பெரும்பாலும் இலை வடிவில் இருக்கும். இந்த ஒரு வரியிலேயே என்ன நடந்திருக்கும் என்று உங்களில் பலர் ஊகித்திருப்பீர்கள்.

அந்தச் சனிக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஒஷாவாவில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனார். நல்ல பனி. நான் காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தேன். அரை மணித்தியாலத்தில் அப்பா கடைக்குள்ளிருந்து வெளியே வந்தார். தொப்பியில்லை, கோட் பொத்தான் பூட்டவில்லை, முகமெல்லாம் சிரிப்பு. கார்க் கதவைத் திறந்ததும் "மனுவேலின்ரை தீவு கிடைச்சிட்டுது" என்றார். தொப்பியைக் கடைக்குள் விட்டுவிட்டு வந்திருந்தார். மறுபடியும் போய் எடுக்க வேண்டியிருந்தது. வீடு வரும்வரை ஒரு கையால் ஸ்ரியறிங், மற்றக் கையால் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். பிளாசாவும் மறந்துபோனது, அரைமூடியும் மறந்துபோனது. வந்ததும் இலையை ஒரு சின்ன வெள்ளை மட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்துக் குசினி மேசையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மனுவேலின் முதியோர் இல்லத்துக்குப் போய்க் காட்டுவதாகத் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாப்பிலிருந்து அவசர அழைப்பு வந்தது. அன்று கல்யாணம் நடக்க இருந்த வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனார் பல்செற்றைக் கீழே போட்டு உடைத்துவிட்டார். அப்பா ஓடினார். முதல்நாள் இரவு முழுவதும் றஞ்சி அன்ரி வீட்டில் சமையலில் நின்றதால் இலை கிடைத்த கதை தெரியாத அம்மா மேசைக்கு வந்தார். வெள்ளைப் பெட்டி இருந்தது. திறந்தார். வெள்ளியில் ஓர் இலை, இரண்டு பக்கமும் துளை, ஒரு சங்கிலி. ஏதோ ஆங்கில எழுத்து. இங்கத்தைய பாஷனாக்கும் என்று நினைத்தாராம். சங்கிலி கட்டையாக இருந்தபடியால் இரண்டு முனையிலும் கறுப்புக் கயிறு முடிந்து நீளமாக்கினார். போத்தல் கழுத்தளவுச் சங்கிலி குழந்தையின் இடுப்புக்கு எப்படிப் போதும்?

றஞ்சி அன்ரி வீட்டில் ஆரணியை, அதுதான் அந்தக் குழந்தையை, முழுக்காட்டித் துவாயில் கிடத்தினார்கள். அம்மா பெட்டியைத் திறந்து இலையை எடுத்ததை அப்போதுதான் நான் கண்டேன். "அம்மா" என்று வாயைத் திறந்தேன். சனத்துக்கு முன்னால் பேசாதே என்று அம்மா ஒரு பார்வை பார்த்தார். யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்கு அந்தப் பார்வை பிறவியிலேயே வரும். நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் இலை குழந்தையின் இடுப்பில் ஏறிவிட்டது. றஞ்சி அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என்ரை அம்மா வந்திருந்தாலும் இப்பிடிச் செய்திருக்க மாட்டா" என்று விம்மினார். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன், வேறு காரணத்துக்காக.

மதியச் சாப்பாட்டு நேரம் அப்பா வந்தார். "பாருங்கோ, நீங்கள் எடுத்தது எப்பிடிப் பொருந்தியிருக்கெண்டு" என்று அம்மா பெருமையோடு குழந்தையைக் காட்டினார். பிறந்து முப்பத்தொரு நாளான ஆரணி, வேறெதுவும் உடுத்தாமல், மடெய்ரா என்று எழுதிய இலையோடு கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்பா குனிந்தார். ஒரு விரலால் இலையைத் தொட்டார்.

"வடிவாயிருக்கு" என்றார். கையைக் கழுவிவிட்டுப் போய்ச் சாப்பிட இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "ஐயோ, எத்தினை வரியமாத் தேடின சாமான். நான் இப்பவே போய் விசயத்தைச் சொல்லி வாங்கிக்கொண்டு வாறன்" என்று எழும்பினார்.

"விசர்க்கதை கதையாதையப்பா" என்று அப்பா மறித்தார். "பிள்ளையின்ரை இடுப்பிலை கட்டினதை ஆரும் திருப்பிக் கேப்பினமோ? அந்தப் பிள்ளைக்கு இஞ்சை ஆர் இருக்கினம்? உது வெள்ளியுமில்லை. வெறும் பூச்சு. வடிவாப் பாக்காமல் ஏமாந்துபோனன். விடு."

அம்மாவின் முகம் தெளிந்தது. நானும் நம்பினேன். அம்மா செய்த பிழையும் நான் வாய் மூடிய பிழையும் ஒரு பூச்சுத் தகட்டோடு போனதென்று நிம்மதியாக இருந்தது.

மனுவேலிடம் வெறுங்கையோடு போக அப்பாவுக்கு மனமில்லை. றஞ்சி அன்ரி வீட்டில் எடுத்த படம் கழுவி வந்ததும் அதில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். படத்தில் ஆரணி துவாயில் கிடக்கிறாள், இடுப்பில் மடெய்ரா. மனுவேல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அப்பா நடந்ததைச் சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் அப்பா கட்டிய கீழ்வரிசை கழன்று மடியில் விழுந்தது. அதை எடுத்து அப்பா துடைக்கத் துடைக்க அவர் பல்லில்லாத வாயால் இன்னும் சிரித்தார். பிறகு அந்தப் படத்தைத் தலைமாட்டில் ஒட்டி வைத்தார். அவர் காலமாகும்வரை அது அங்கேயே இருந்ததென்று அப்பா சொல்வார்.

நாலாவது குழி வெறுமையாகவே இருந்தது. அப்பா அந்த இலையைத் தாமே செய்து பார்ப்பதென்று இறங்கியது அதற்குப் பிறகுதான். எட்டு மாதம் வேலை முடிந்த பிறகும் லாப்பிலேயே இருந்தார். பல்லுக்கு மெழுகு செதுக்கிய கத்தியால் இலை நரம்பு செதுக்கினார். பல்லுக்கு வார்த்த மாதிரியே வெள்ளியை வார்த்தார். செய்து முடித்து, அசலுக்குக் கிட்டவும் வரவில்லை என்று சொல்லி அதைப் பெட்டியில் வைக்க மறுத்துவிட்டார். அம்மாவுக்கு வீணாகப் போவது பிடிக்காது. "எழுத்து இன்னும் வெட்டேல்லைத்தானே? நல்லெண்ணெய் எண்டு வெட்டித் தாங்கோ, குசினிப் போத்தலிலை மாட்டுறன்" என்றார். இப்படித்தான் அப்பா தமிழில் தகடு செய்யத் தொடங்கினார்.

எழுத்தைத் தகட்டில் ஊடுருவ வெட்டும்போது சுழிக்குள் இருக்கும் துண்டு விழுந்துவிடும். விழாமல் இருக்கச் சின்னப் பாலம் விட வேண்டும். நல்லெண்ணெய் என்ற சொல்லில் எத்தனை சுழி இருக்கிறதென்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மூன்று தடவை உடைந்து நாலாவது தடவைதான் சரிவந்தது. பிறகு தேன், பன்னீர், நன்னாரி என்று எங்கள் குசினி முழுவதும் வெள்ளி தொங்கியது. வந்து பார்த்தவர்கள் கேட்க, அவர்களுக்கும் செய்து கொடுத்தார். உங்களில் பலர் வீட்டில் இருக்கும். பின்புறத்தைப் பாருங்கள். சிங்கம் இருக்காது. அது அரசாங்கம் அடிப்பது, நான் அடிக்கக் கூடாது என்பார். அதற்குப் பதிலாக ஒரு சின்னக் கடைவாய்ப்பல் இருக்கும். அப்பாவின் முத்திரை அது.

அப்பாவிடம் குறையே இல்லையென்று எழுதினால் அம்மாவே சிரிப்பார். பிடிவாதக்காரர். வீட்டில் ஹீற்றரைக் கூட்டவிடமாட்டார். என் கல்யாண அல்பத்தில் சம்பந்தியின் பல் கோணலாக விழுந்திருக்கிறதென்று படம் எடுத்தவரோடு வாதாடினார். ஆனால் புதிதாக நாட்டுக்கு வந்த யாருக்காவது பல்லில்லாமல் வேலைக்குப் போக வெட்கமென்று தெரிந்தால், கேளாமலே அளவெடுத்துக் கட்டிக் கொடுப்பார். ஒரு பேச்சும் இருக்காது. வாயைத் திறக்கச் சொல்வார், அவ்வளவுதான்.

சென்ற வருடக் கடைசியில் ஈரலில் நோய் கண்டது. வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் வீட்டிலேயே இருப்பதென்று அப்பா முடிவு செய்தார். ஹோலில் கட்டில் போட்டோம். ஒருநாள் பின்னேரம் ஆரணி வந்தாள். குழந்தையாக நாங்கள் கண்ட ஆரணிக்கு இப்போது ஒரு பெண் குழந்தை, பிறந்து மூன்று வாரம். பச்சை உடம்புக்காரி ஏன் குளிருக்குள் வந்தாளென்று அம்மா ஏசிக்கொண்டே கதவைத் திறந்தார். ஆரணி அப்பாவின் கட்டிலருகே இருந்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். அதே இலை. கறுப்புக் கயிறு நைந்து போயிருந்தது.

"அங்கிள், பேபிக்கு முப்பத்தொண்டு வருதெண்டு அம்மா லொக்கரிலை இருந்து எடுத்துத் தந்தவ. நான் எழுத்தைப் பாத்திட்டு இன்ரநெற்றிலை தேடினன். இது உங்கட, என்ன? உங்கட செற்றிலை இருக்கவேண்டியது. சொறி அங்கிள். ட்வென்ரி சிக்ஸ் இயர்ஸ்! எங்களுக்கு ஒண்டுமே தெரியாது. பிளீஸ், வாங்குங்கோ."

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பா என்னிடம் லென்சைக் கேட்டார். நான் அவருடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். இலையைத் திருப்பி நெடுநேரம் பார்த்தார். அத்தனை வருடம் தேடி, ஒரே ஓர் இரவு வீட்டில் வைத்திருந்து, பிறகு குழந்தையின் இடுப்பில் ஒரு விரலால் தொட்டுப் பார்த்த சாமான். அது தானாகவே வீடு தேடி வந்திருக்கிறது. பெட்டி பக்கத்து மேசையில்தான் இருந்தது. கையை நீட்டி வைத்தால் முடிந்தது. வைக்கட்டும் என்று நான் மனத்துக்குள் மன்றாடினேன். கண்ணை மூடுமுன் இந்த ஒன்றாவது அவருக்கு முழுமையாகட்டும் என்று நினைத்தேன்.

"இது பூச்சுத்தான் பிள்ளை" என்றார் அப்பா. "செற்றிலை சேராது. எனக்கு உதவாது. ஆனா உன்ரை பெட்டைக்கு வடிவாயிருக்கும். நீ கட்டின மாதிரி அவளுக்கும் கட்டு."

இலையையும் லென்சையும் மேசையில் வைக்கும்படி என் கையில் தந்தார். வைக்கும்போது நான் லென்சைக் கண்ணில் பிடித்துப் பின்புறத்தைப் பார்த்தேன். சிங்கம் நடந்துகொண்டிருந்தது. காலும் வாலும் எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவாக நடந்துகொண்டிருந்தது. நான் நிமிர்ந்தேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அம்மா பார்த்த அதே பார்வை. நான் மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன்.

"சங்கிலிதான் கட்டை" என்று அப்பா ஆரணியிடம் சொன்னார். "இரண்டு நாள் விட்டிட்டுப் போ. நீளமாப் போட்டுத் தாறன்."

இரண்டு நாள் ஒன்பது நாளானது. ஒரு தடவைக்குக் கால் மணித்தியாலத்துக்கு மேல் அவரால் நிமிர்ந்திருக்க முடியவில்லை. வெள்ளிக் கம்பியைப் பின்னல் ஊசியில் சுற்றி, வளையம் வளையமாக வெட்டிக் கோர்த்தார். கட்டிலில் நெருப்பு வைத்து ஒட்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு வளையத்தையும் இரண்டு சுற்றாகச் செய்தார். கை நடுங்கும்போது அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். கடைசியில் கொளுக்கிப் பட்டையில் முத்திரை அடிக்க வேண்டும். அப்பா அச்சைப் பிடித்தார், சுத்தியலைத் தூக்கப் பலமில்லை. "நீ அடியப்பா" என்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினார். பல் கொஞ்சம் சரிந்துதான் விழுந்தது. மயிரளவு பிசகு பொறுக்காத அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார். அவர் கையால் ஆன கடைசி வேலை அது.

ஆரணியின் மகளுடைய முப்பத்தோராம் நாளுக்கு அப்பாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனோம். றஞ்சி அன்ரி இலையைக் கட்டினார். அப்பா குனிய முடியாமல் குழந்தையைத் தம் மடிக்குக் கிட்டக் கொண்டுவரச் சொல்லி, ஒரு விரலால் தொட்டார். "வடிவாயிருக்கு" என்றார். இந்த முறை அவர் உடனே போய்ச் சாப்பிட இருக்கவில்லை. குழந்தை தூங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. ஒரு மாதத்துக்குள், காலை வெயில் யன்னலால் வந்துகொண்டிருந்தபோது, அம்மா வாயில் விட்ட தண்ணீரை விழுங்கிவிட்டுப் போய்விட்டார்.

பார்வைக்கு வைப்பதற்காகக் கறுப்புப் பெட்டியைத் திறந்தபோதுதான் கண்டோம். நாலாவது குழி வெறுமையாக இல்லை. இலையிலிருந்து கழற்றிய அந்தப் பழைய கட்டைச் சங்கிலி, போத்தல் கழுத்தளவு, அதற்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. எப்போது வைத்தாரென்று எங்களுக்குத் தெரியாது. நான் அதற்குமேல் தாங்க மாட்டாமல் சிங்கத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அதிரவேயில்லை.

"எனக்கு எப்பவோ தெரியும்" என்றார். "பூச்சுச் சாமானைப் பாத்து எட்டு மாசம் இருந்து ஆரும் கொப்பி அடிப்பினமோ? எனக்காகத்தான் பொய் சொல்லுறார் எண்டு விளங்கினது. நம்பின மாதிரி இருந்தால் அவருக்குச் சந்தோசம். அதுதான் இருந்தன்."

இனி நன்றி சொல்ல வேண்டும். நோயுற்றிருந்த நாட்களில் அப்பாவைத் தினமும் துடைத்து, உடுப்பு மாற்றி, "தாத்தா" என்று தமிழில் அழைக்கப் பழகிக்கொண்ட பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாதிக்கும், கேளாமலே எங்கள் வாசல் பனியைத் தள்ளிவிட்ட பக்கத்து வீட்டாருக்கும், வீட்டில் அடுப்பு மூட்டாத எட்டு நாளும் சமைத்துக் கொண்டுவந்த அன்ரிமாருக்கும், கிரியைகளைக் குறைவின்றி நடத்திய ஐயாவுக்கும், தூர இடங்களிலிருந்து வந்தவர்களுக்கும், வர முடியாமல் தொலைபேசியில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஈரலைப் பற்றிக் கதைத்தவருக்கும் நன்றி. அவர் கதைத்திராவிட்டால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பல் உறுத்தினால் வீட்டுக்கு வாருங்கள். அப்பாவின் அரங்கள் அப்படியே இருக்கின்றன, தம்பி ராவித் தருவான்.

கடைசியாக, ஆரணி, உனக்கு. உன் மகளின் இடுப்பில் இருப்பது அசல் வெள்ளி. அங்கிள் உனக்குச் சொன்னது பொய். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் சொன்ன பொய் இரண்டுதான், இரண்டும் அந்த இலையைப் பற்றியவை. இதை வாசித்துவிட்டு இலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வராதே. கொண்டுவந்தால் கதவு திறக்க மாட்டாராம், அம்மா எழுதச் சொன்னார். பெட்டியிலும் இனி இடமில்லை.